மாண்டுவின் கப்பல் மாளிகை

அரண்மனைகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கல்லையும் சுதையையும் பற்றியே எழுதுவர். தூண்கள் எத்தனை, மாடங்கள் எத்தனை, அவற்றை எழுப்பிய மன்னன் யாவன், அவனை வென்றவன் யாவன் என்பனவே அவ்வரலாற்றிற் பெரிதும் பேசப்படும். அம்மாளிகையில் வாழ்ந்தோர் குடித்த நீர் எங்கிருந்து வந்தது என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. மத்திய இந்தியாவிலே, மாளவ நாட்டின் பழைய தலைநகராகிய மாண்டுவில் இன்றும் நிலைத்து நிற்கும் ஜஹாஸ் மஹால் என்னும் கப்பல் மாளிகையை ஆராய்வோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. அம்மாளிகை இரு குளங்களின் இடையே நிற்பது. ஆறில்லாத மலையுச்சியில், மழைநீர் ஒன்றையே நம்பி எழுந்தது. ஆறில்லாத தீவுகளிற் பிறந்து, மாரிமழையையும் கிணற்றையும் நம்பி வாழும் யாழ்ப்பாணத் தீவகத்தார்க்கு அதன் வரலாறு அயலார் கதையன்று.

மலைமேல் ஒரு தீவு

மாண்டு இன்றைய மத்தியப் பிரதேச மாநிலத்தின் தார் மாவட்டத்தில் உள்ளது. விந்திய மலைத்தொடரின் தென்விளிம்பில், கடல் மட்டத்திற்கு மேல் 600 மீற்றருக்கும் அதிகமான உயரத்திற் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் அது. வடபால் உள்ள மாளவப் பீடபூமியிலிருந்து காக்ரா கோ என்னும் ஆழ்ந்த பள்ளத்தாக்கு அதனைப் பிரிக்கின்றது. தென்பால் நிமார்ச் சமவெளியை நோக்கி மலை செங்குத்தாக இறங்குகின்றது. அச்சமவெளியிலே, நெடுந்தொலைவில், நருமதையாறு வெள்ளிக் கம்பி போலத் தோன்றும். மேட்டுநிலத்தின் விளிம்பை ஒட்டி ஏறத்தாழ 37 கிலோமீற்றர் நீளமுள்ள மதில் வளைந்து செல்கின்றது. அம்மதிலில் 12 வாயில்கள் உண்டு. கடல் சூழ்ந்த நிலம் தீவு எனப்படுதல் போலப் பள்ளத்தாக்குச் சூழ்ந்த இந்நிலத்தையும் மலைமேல் ஒரு தீவு எனலாம்.

பகைவர் ஏறுதற்கு அரிய இடம், நீரும் ஏறுதற்கு அரிய இடமாகும். மாண்டுவின் மேட்டுநிலத்திற் பாயும் பேராறு எதுவுமில்லை. கண்ணுக்குத் தோன்றும் நருமதையோ பல நூறு மீற்றர் தாழ்வில், மலையடிக்கு அப்பால் ஓடுகின்றது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை கொணரும் மழையே அந்நகருக்கு வாய்த்த முதற்பொருள். நான்கு திங்களிற் பெய்வதை எஞ்சிய எட்டுத் திங்களுக்கும் காத்து வைத்தாலன்றி அங்கே குடியிருத்தல் இயலாது. ஆகவே மாண்டுவை ஆண்டவர் எம்மரபினராயினும், எச்சமயத்தினராயினும், குளந் தொடுதலும் கிணறு அகழ்தலும் அவர்க்குத் தவிர்க்கலாகாக் கடமைகளாயின. மலைமேற் காணப்படும் பல குளங்களும் படிக்கிணறுகளும் அக்கடமை நிறைவேற்றப்பட்டமைக்குச் சான்றாக உள்ளன.

பரமாரர் முதற் கில்ஜியர் வரை

மாண்டுவின் பெருங்குளங்களுள் ஒன்று முஞ்ச தலாவ் எனப்படும். பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாளவத்தை ஆண்ட பரமார மன்னன் வாக்பதி முஞ்சனின் பெயரை அது தாங்கியுள்ளது. அவனுக்குப் பின், பதினோராம் நூற்றாண்டில், புலவர்களைப் போற்றிய போசராசன் தார் நகரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டான். பரமாரர் காலத்தில் மாண்டு ஒரு மலைக்கோட்டையாக விளங்கியது. 1305 இல் டில்லிச் சுல்தான் அலாவுதீன் கில்ஜியின் படைத்தலைவனாகிய ஐனுல்முல்க் முல்தானி மாளவத்தை வென்றான். அன்று தொட்டு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு காலம் அந்நாடு டில்லியின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது.

1398 இல் தைமூர் டில்லியைச் சூறையாடினான். அவ்வடியினால் டில்லியரசு தளர்ந்தபோது, மாளவத்தின் ஆள்பதியாக இருந்த தில்லாவர்கான் கோரி 1401 இல் தனியரசன் ஆனான். அவனுடைய மகன் ஹோஷங் ஷா 1406 இல் ஆட்சிக்கு வந்து, தாரிலிருந்த தலைநகரை மாண்டுவுக்கு மாற்றினான். மலைக்கோட்டை மாநகராயிற்று. மகிழ்ச்சி நகர் எனப் பொருள்படும் ஷாதியாபாத் என்னும் பாரசீகப் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. 1435 இல் மறைந்த ஹோஷங் ஷாவின் வெண்பளிங்குச் சமாதி இந்நகரின் சிறந்த கட்டடங்களுள் ஒன்று. ஷாஜஹானின் சிற்பாசிரியர்களுள் ஒருவராகிய உஸ்தாத் ஹாமீத் என்பவர் வேறு சிலரோடு இங்கு வந்து இச்சமாதியைத் தரிசித்த செய்தியை, அதன் வாயிலில் உள்ள 1659 ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் தெரிவிக்கின்றது. தாஜ்மஹாலைக் கண்ட தலைமுறையினர் அதற்கு இரு நூற்றாண்டுகள் முற்பட்ட பளிங்குச் சமாதி ஒன்றுக்கு வணக்கம் செலுத்தினர் என்பது கருதத்தக்கது.

1436 இல் அரசைக் கைப்பற்றிய மஹ்மூத் ஷா கில்ஜி 1469 வரை ஆண்டான். அவன் வாழ்நாளிற் பெரும்பகுதி போர்க்களத்திலேயே கழிந்தது. மேவார் நாட்டு இராணா கும்பாவை வென்றதாகக் கூறி, மாண்டுவில் 1443 இல் ஏழு நிலை மாடக் கோபுரம் ஒன்றை அவன் எழுப்பினான். அதே மஹ்மூதை வென்றதன் நினைவாகச் சித்தூரில் இராணா கும்பா எழுப்பிய வெற்றித்தூண் 1448 இல் நிறைவெய்தியது. ஒரு பகைக்கு இரு வெற்றித்தூண்கள் எழுந்தன. மன்னர் தம்மைப் பற்றித் தாமே பொறித்த சான்றுகளை மட்டும் கொண்டு வரலாறு எழுதுவோர்க்கு இஃது ஓர் எச்சரிக்கை. சித்தூர்த்தூண் இன்றும் நிற்கின்றது. மாண்டுக் கோபுரத்தின் அடிப்பகுதியே எஞ்சியுள்ளது.

மஹ்மூதின் மகன் கியாத் ஷா 1469 முதல் 1500 வரை முப்பத்தோராண்டு ஆட்சி செய்தான். தந்தையின் காலத்துப் போர்களாற் களைத்த நாட்டில் அமைதியை நாடிய அவன், அரசியற் பொறுப்பிற் பெரும்பகுதியை மகனிடம் ஒப்படைத்துவிட்டு இன்ப வாழ்வில் ஈடுபட்டான். அவனுடைய அரண்மனையில் பதினையாயிரம் மகளிர் இருந்தனரென்றும், மகளிரே மெய்காப்பாளராகவும் அலுவலராகவும் பணியாற்றினரென்றும் பிற்காலத்து வரலாற்றாசிரியராகிய பிரிஷ்தா எழுதியுள்ளார். எண்ணிக்கை மிகைப்படக் கூறியதாயினும், அரண்மனை மகளிர் தொகை பெரிது என்பதில் ஐயமில்லை. அவன் காலத்திலே தொடங்கப்பெற்று அவன் மகன் நஸிர் ஷா காலத்தில் நிறைவெய்திய நிஅமத் நாமா என்னும் பாரசீக நூல் இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. உணவு வகைகள், பானங்கள், வாசனைப் பொருள்கள் ஆகியவற்றின் செய்முறைகளை வண்ணப்படங்களுடன் விளக்கும் அந்நூல், அவ்வரண்மனை வாழ்வின் நேரடிச் சான்றாகும். இத்தகைய வாழ்வுக்கு எவ்வளவு நீர் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். சமையலுக்கும் நீராட்டுக்கும் பூங்காவுக்கும் வேண்டிய நீர் முழுவதும் அம்மலைமேற் பெய்த மழையிலிருந்தே வந்தாக வேண்டும்.

கப்பலின் அமைப்பு

ஜஹாஸ் என்னும் சொல் கப்பலைக் குறிக்கும். மேற்கே முஞ்ச தலாவ், கிழக்கே கபூர் தலாவ் ஆகிய இரு குளங்களுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் இம்மாளிகை அமைந்துள்ளது. இதனைக் கட்டியவன் கியாத் ஷா என்பதே பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. நீளம் ஏறக்குறைய 120 மீற்றர். அகலம் ஏறக்குறைய 15 மீற்றர். அகலத்தைப் போல எட்டு மடங்கு நீளமுள்ள அரண்மனையை வேறிடங்களிற் காண்டல் அரிது. இந்நெடிய வடிவம் வெறும் வேடிக்கைக்காக வந்ததன்று. இரு நீர்ப்பரப்புகளின் நடுவே கிடைத்த நிலம் நீண்டு ஒடுங்கியது. அதற்கேற்ப மாளிகையும் நீண்டு ஒடுங்கியது. குளங்கள் இரண்டும் நிறைந்திருக்கும் மாரிக்காலத்தில் எதிர்ப்புறத்திலிருந்து நோக்கினால், நங்கூரமிட்டு நிற்கும் கப்பலொன்றின் தோற்றம் புலப்படும். பாய்க்கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற ஊர்காவற்றுறைத் துறைமுகத்தின் பழமையை அறிந்தோர் அப்பெயரின் பொருத்தத்தை எளிதில் உணர்வர்.

மாளிகை இரு தளங்களை உடையது. கீழ்த்தளத்தில் மூன்று பெரிய மண்டபங்கள் உள்ளன. அவற்றுக்கு இடையே நடைகளும், இரு கோடிகளிலும் ஒடுக்கமான அறைகளும் அமைந்துள்ளன. கிழக்கு முகப்பிலே கூரிய வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின்மேற் கற்றாங்கிகளிற் பொருத்திய அகன்ற கல்லிறவாரம் நிழல் பரப்புகின்றது. மண்டபங்களின் பிற்புறத்தில், முஞ்ச தலாவின் நீர்மீது நீண்டு நிற்குமாறு சிறு மாடங்கள் கட்டப்பட்டுள்ளன. நடுமாடத்தின் விதானம் குவிமாடமாக அமைந்தது. நீலமும் மஞ்சளுமாகிய மெருகோடுகள் பதித்திருந்தமைக்கான அடையாளங்கள் அங்கே காணப்படுகின்றன. குளத்தின்மீது வீசும் காற்று இம்மாடங்களின் வழியே உட்புகுந்து மண்டபங்களைக் கடந்து செல்லும். கோடையின் வெம்மையைத் தணிப்பதற்கு அக்காலத்தார் கண்ட வழி இதுவாகும்.

வடகோடி அறைக்கு அப்பால் மூன்று பக்கமும் தூண்வரிசை சூழ்ந்த நீராடு தடாகம் ஒன்று உண்டு. நெடிய படிவரிசை ஒன்று வெளிப்புறமாக மேற்றளத்துக்கு இட்டுச் செல்கின்றது. மேற்றளம் பெரிதும் திறந்தவெளியாக விடப்பட்டது. அதன்மீது சிறு மண்டபங்கள் நிற்கின்றன. அவற்றுட் சிலவற்றின் கூரை குவிமாடமாகவும், சிலவற்றின் கூரை கூம்பாகவும் உள்ளது. கீழ்த்தளத் தடாகத்தை ஒத்த மற்றொரு தடாகம் மேற்றளத்திலும் அமைக்கப்பட்டுள்ளது. நிலத்திற் குளம், குளக்கரையில் மாளிகை, மாளிகையின் மேல் மீண்டும் ஒரு தடாகம் என நீர் அடுக்கடுக்காக வைக்கப்பட்டிருத்தல் இம்மாளிகையின் தனிச்சிறப்பு.

நீரின் வழி

மேற்றளத்துத் தடாகத்திற்கு நீர் எவ்வாறு சென்றது என்பது ஆராயத்தக்கது. கிணற்றிலும் குளத்திலும் இருந்து இறைத்து உயர்த்திய நீர், கல்லிற் செதுக்கிய ஒடுங்கிய வாய்க்கால்களின் வழியே தடாகங்களைச் சென்றடைந்தது. அவ்வாய்க்கால்கள் நேராகச் செல்லாமல், பாம்பு சுருண்டாற்போல வளைந்து வளைந்து செல்கின்றன. நேர்வழி விட்டு வளைவழி கொண்டமைக்கு அழகு ஒன்றே காரணமன்று. வளைந்து செல்லும் நீரின் வேகம் தணியும். வேகம் தணிந்த நீரிலே கலந்திருக்கும் மண்ணும் தூசும் படியும். தெளிந்த நீரே தடாகத்தை அடையும். அழகும் பயனும் ஒரே கோட்டிற் செதுக்கப்பட்டுள்ளன.

மாளிகையைச் சூழ்ந்த அரச வளாகம் முழுவதிலும் இத்தகைய ஏற்பாடுகளைக் காணலாம். அருகிலுள்ள சம்பா பாவ்லி என்னும் படிக்கிணறு, அதன் நீரிற் செண்பக மணம் கமழ்ந்ததாகக் கூறி அப்பெயர் பெற்றது. அதன் அடிப்பகுதி நிலத்தடியில் வளைவுக் கூரையுடன் கட்டப்பட்ட அறைகளோடு தொடர்புடையது. நீர்மட்டத்தை அண்டிய அவ்வறைகள் கோடையிலும் குளிர்ந்திருந்தன. விண்மீன் வடிவான துளைகள் வழியே ஒளிபுகும் விதானத்தை உடைய நீராட்டு அறைகளும் அங்கு உள்ளன. உஜாலி பாவ்லி, அந்தேரி பாவ்லி என வழங்கும் இரு கிணறுகளுள் முன்னது வானம் நோக்கித் திறந்த ஒளிக்கிணறு; பின்னது மேலே மூடிய இருட்கிணறு. மூடிய கிணற்றில் வெயிலால் நீர் வற்றுவது குறையும் என்பதை அக்காலக் கொத்தர் அறிந்திருந்தனர் போலும்.

நகரின் தென்பகுதியில் ரேவா குண்டம் என்னும் குளம் உள்ளது. ரேவா என்பது நருமதையின் மற்றொரு பெயர். நருமதையை வலம்வரும் அடியார்க்கு அக்குளம் இன்றும் புனித தீர்த்தமாகும். அதன் அருகே உள்ள அரண்மனை பாஸ் பகதூரின் பெயரால் வழங்கப்படினும், அதனைக் கட்டியவன் கியாத் ஷாவின் மகன் நஸிர் ஷா என்பதை 1508-09 ஆண்டுக்குரிய பாரசீகக் கல்வெட்டுக் காட்டுகின்றது. ரேவா குண்டத்து நீரை உயர்த்தி, வளைவுகளின்மேற் சென்ற வாய்க்கால் மூலம் அவ்வரண்மனைக்குக் கொண்டு சென்றனர். மலையின் தென்விளிம்பில் நிற்கும் ரூபமதி மண்டபத்தின் அடித்தளத்திலே மழைநீரைத் தேக்கும் தொட்டிகள் கட்டப்பட்டுள்ளன. கூரையிலும் முற்றத்திலும் விழுந்த நீர் கரியும் மணலும் இட்ட வழியினூடாக வடிந்து அவற்றைச் சேர்ந்தது. கூரைநீரைத் தேக்குதல் புதுமையான திட்டமென இக்காலத்திற் பேசப்படுகின்றது. மாண்டுவில் அது பல நூற்றாண்டுப் பழமையுடையது.

கலைகளின் சங்கமம்

மாண்டுவின் கட்டடக்கலை பல ஊற்றுகளிலிருந்து பெருகியது. சாய்ந்து தடித்த சுவர்களை டில்லியின் துக்ளக் மரபு தந்தது. கப்பல் மாளிகைக்கு அண்மையிலுள்ள ஹிந்தோலா மஹால் என்னும் ஊஞ்சல் மாளிகையின் புறச்சுவர்கள் இதற்குத் தக்க சான்று. அவை அடியில் அகன்று மேலே ஒடுங்கிச் சாய்ந்து நிற்பதால் மாளிகையே ஆடுவது போன்ற மயக்கத்தைத் தருகின்றன. கூரிய வளைவும் குவிமாடமும் மெருகோடும் பாரசீகத் தொடர்பைக் காட்டுகின்றன. கற்றாங்கிகளும் இறவாரங்களும் கல்லிற் செதுக்கிய நுண்வேலையும் மாளவத்துக் கம்மியரின் பரம்பரைக் கைத்திறன்.

இச்சங்கமம் எப்பொழுதும் இணக்கமாகவே நிகழ்ந்ததென்று கூறுவதற்கில்லை. தில்லாவர்கான் 1405 இல் எழுப்பிய பள்ளிவாசலிலும், 1432 இல் எழுந்த மாலிக் முகீத் பள்ளிவாசலிலும் பழைய கோயில்களின் தூண்கள் எடுத்தாளப்பட்டுள்ளன. இதனை மறைத்தலும் வரலாறாகாது. இஃதொன்றையே பேசுதலும் வரலாறாகாது. அக்பரின் ஆட்சிக்காலத்தில், 1574 இல், ஷா புதாக் கான் என்னும் ஆள்பதி பழைய சிவத்தலம் ஒன்றிருந்த மலைச்சரிவிலே நீல்கண்ட மாளிகையை அமைத்தான். அங்கும் நீர் சுருள்வாய்க்காலில் ஓடித் தடாகத்தில் விழுகின்றது. அம்மாளிகையிலே இன்று நீலகண்டப் பெருமானுக்குப் பூசை நடைபெறுகின்றது. முகலாயரின் கல்வெட்டுகள் சுவரில் இருக்க, அடியார் உள்ளே வழிபடுகின்றனர். முஞ்சன் பெயர் தாங்கிய குளத்தில் கியாத் ஷாவின் மாளிகை நிழல் படிந்து நிற்பதும் இத்தகையதே. மன்னர் மரபுகள் மாறின. நீர்நிலைகள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் சென்றன.

வீழ்ச்சியும் இரு சாட்சிகளும்

1531 இல் குஜராத்துச் சுல்தான் பகதூர் ஷா மாண்டுவைக் கைப்பற்றியதோடு கில்ஜியர் ஆட்சி முடிவுற்றது. 1535 இல் ஹுமாயூனும், 1542 இல் ஷேர் ஷாவும் அதனை வென்றனர். பின்னர் மாளவத்தைத் தனியரசாக ஆண்ட பாஸ் பகதூர் இசையிற் பெருவிருப்புடையவன். 1561 இல் அக்பரின் படைத்தலைவன் ஆதம் கான் சாரங்பூரில் அவனை முறியடித்தான். அவனுடைய காதலி ரூபமதி பகைவர் கையிற் சிக்காது நஞ்சுண்டு மாண்டாள். அடுத்த ஆண்டில் மாளவம் முகலாயப் பேரரசில் அடங்கிற்று. மாண்டு தலைநகர் என்னும் நிலையை இழந்தது. அரசவை நீங்கியதும் குடிகளும் படிப்படியாக நீங்கினர்.

அரை நூற்றாண்டு கழித்து, 1617 மார்ச் மாதத்தில், பேரரசர் ஜஹாங்கீர் பெரும் பரிவாரத்தோடு மாண்டுவுக்கு வந்து ஏழு திங்களுக்கு மேல் தங்கினார். அவருடைய வருகைக்காகப் பழைய மாளிகைகள் பழுது பார்க்கப்பட்டன. அதற்கு மூன்று இலட்சம் ரூபாய் செலவாயிற்று என்று அவரே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அப்பரிவாரத்தோடு சென்றவர்களுள் ஒருவர் இங்கிலாந்து மன்னன் முதலாம் ஜேம்ஸின் தூதர் சேர் தோமஸ் றோ. ஒரே ஆண்டில் ஒரே மலையிலே தங்கிய இவ்விருவரும் எழுதி வைத்தவற்றை ஒப்புநோக்குதல் பயன் தரும்.

மாரிக்காலத்து மாண்டுவுக்கு நிகரான இனிய இடம் வேறில்லை என்ற பொருள்பட ஜஹாங்கீர் புகழ்ந்துள்ளார். குளங்கள் நிறைந்திருந்த அக்காலத்தில், நீர்நிலைகளின் நடுவே அமைந்த மாளிகையொன்றில் அரசி நூர் ஜஹான் விழாவொன்று எடுத்தார். கரைகளில் ஏற்றிய விளக்குகளின் ஒளி நீரிற் படிந்த காட்சியைப் பேரரசர் வியந்து எழுதுகின்றார். அவ்விழா நிகழ்ந்த இடம் கப்பல் மாளிகையே என்பது பலரது கருத்து. சேர் தோமஸ் றோவின் நாட்குறிப்போ, மழைக்கு முந்திய கோடையில் அம்மலைமேல் நிலவிய கடும் நீர்த்தட்டுப்பாட்டைக் கூறுகின்றது. பாளையத்தில் இருந்தோர் குடிநீருக்கு அலைந்தனர். நீருள்ள கிணறு ஒரு செல்வமாயிற்று.

இருவர் கூற்றுகளுள் எது உண்மை? இரண்டும் உண்மையே. மழை பெய்தபோது மலை தடாகமாயிற்று, பெய்யாதபோது பாலையாயிற்று. கியாத் ஷா காலத்தில் இதே மழையை நம்பி ஒரு பேரரண்மனை ஆண்டு முழுவதும் இயங்கியது. நூற்றுப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே மலை தாகத்தால் வருந்தியது. ஜஹாங்கீரின் பாளையம் மிகப் பெரியது என்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு காரணமும் உண்டென்று கொள்ளுதல் பொருந்தும். வாய்க்காலைத் துப்புரவாக்கவும், குளத்தைத் தூர்வாரவும், கிணற்றைக் காக்கவும் அங்கே நிலையாக இருந்த மக்கள் பெரிதும் நீங்கிவிட்டனர். மூன்று இலட்சம் ரூபாயால் மாளிகைகளைச் சில திங்களிற் புதுக்கலாம். ஆண்டுதோறும் செய்யாது விட்ட காவலை அப்பணத்தால் ஒரே நாளில் ஈடுசெய்தல் இயலாது. மாண்டுவின் வீழ்ச்சிக்குப் படையெடுப்புகளையே காரணமாகக் கூறும் வரலாறு, இவ்வகையிற் குறைவுடையது. படையெடுப்பு மன்னனை நீக்கியது. நீர்க்காவல் தளர்ந்தமை நகரத்தை நீக்கியது.

1732 இல் மாண்டு மராட்டியர் வசமாயிற்று. புவார் மரபினர் மீண்டும் தாரையே தலைநகராகக் கொண்டனர். காடு மாளிகைகளை மூடிற்று. பின்னாளிலே தொல்பொருட்டுறையினரின் முயற்சியால் அவை வெளிப்பட்டன. குலாம் யஸ்தானி 1929 இல் மாண்டுவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அந்நகரின் கட்டடங்களை அறிஞருலகுக்கு விரிவாக அறிமுகஞ் செய்தது. 1998 இல் மாண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தற்காலிகப் பட்டியலில் இடம் பெற்றது.

தீவகத்தார்க்குரிய பாடம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் மாண்டுவை ஒத்த அரண்மனை எதுவுமில்லை. நெடுந்தீவிற் பவளக்கல்லாற் கட்டிய கோட்டையின் இடிபாடும், ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல்நடுவில் நிற்கும் கடற்கோட்டையுமே இங்குள்ள பழைய பெருங்கட்டடங்கள். ஹம்மன்ஹீல் என ஒல்லாந்தர் பெயரிட்ட அக்கடற்கோட்டையின் கதை மாண்டுவின் கதைக்கு அருகே வைத்து எண்ணத்தக்கது. 1658 இல் ஒல்லாந்தர் அதனை முற்றுகையிட்டபோது உள்ளே இருந்த போர்த்துக்கேயர் சில கிழமைகளிற் சரணடைந்தனர். மதில் உடைந்தமை அதற்குக் காரணமன்று. குடிநீர் இல்லாமையே காரணம். நாற்புறமும் நீர் சூழ்ந்த கோட்டை நீரின்றி வீழ்ந்தது. மலைமேல் நின்ற மாநகரையும் கடல்மேல் நின்ற கோட்டையையும் ஒரே குறை வருத்தியது.

தீவகத்தின் நன்னீர், கண்ணுக்குத் தோன்றாத குளமொன்றில் தேங்கியுள்ளது. வடகீழ்ப் பருவமழை சுண்ணக்கற் பாறையினூடாகக் கீழிறங்கி, கனத்த உவர்நீரின்மேல் மெல்லிய வில்லை போல மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்திற்கு மேல் 1 அடி உயரத்திற்கு நன்னீர் நின்றால், கடல் மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம் வரை அது இருக்கும் என்பது நிலநீர் ஆய்வாளர் கண்ட விதி. அவ்விதியின் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து 40 அடி உவர்நீர் எழும். ஒருமுறை உவரான கிணறு மீண்டும் நன்னீராவதற்குப் பல மாரிகள் வேண்டும். ஊருக்கு ஊர் முன்னோர் வெட்டிய குளங்களும் கேணிகளும் துரவுகளும் நீர் மொள்ளுதற்கு மட்டும் அமைந்தவையல்ல. ஓடிக் கடலிற் கலக்கும் மழைநீரை நிறுத்தி நிலத்தினுள் இறக்கிய வாயில்களும் அவையே. அவற்றைத் தூர்ந்துபோக விடுதல், கப்பல் மாளிகையின் வாய்க்காலைத் தூர்ந்துபோக விட்டதற்கு ஒப்பாகும்.

மாண்டுவுக்குச் செல்வோர் பெரும்பாலும் ரூபமதியின் காதலையும் கியாத் ஷாவின் இன்ப வாழ்வையும் கேட்டுத் திரும்புவர். அக்கதைகளிற் பெயர் குறிக்கப்படாதவர் பலர் உளர். சுருள்வாய்க்காலைச் செதுக்கியவரும், கோடைதோறும் குளத்தில் இறங்கிச் சேறு வாரியவரும், கிணற்றடியிற் காவல் நின்றவரும் அவருட் சிலர். முப்பத்தோராண்டு அரசன் இன்பமாக வாழ்ந்தமைக்கு அவர்களது உழைப்பே அடிப்படை. குளங்கள் நிறைந்துள்ள வரையில் அம்மாளிகை கப்பலாக மிதக்கும். வற்றினால் தரைதட்டி நிற்கும். கட்டியவன் பெயர் கல்வெட்டில் நிற்கலாம். கட்டியது நிற்பது பின்வந்தோர் காவலால். கல்லூரியிற் பயிலும் தீவக மாணவர் தத்தம் ஊர்க் குளங்களின் பெயர், அவற்றை வெட்டியோர், அவற்றின் இன்றைய நிலை ஆகியவற்றைத் தொகுத்து எழுதுவாராயின், அரசர் வரலாறுகள் எழுதாது விட்ட ஒரு பெரும் வரலாறு எழுதப்பட்டதாகும். காக்க வேண்டுவன இவை என்பதும் ஊரார்க்குத் தெளிவாகும்.